ஒரு சொல்லை விழுங்கிய ஊர்

ஆலாம்புதூர் பால் சொசைட்டியின் கம்ப்யூட்டர் ஊரில் நடப்பதையெல்லாம் எழுதத் தொடங்கியது ஒரு மார்கழி விடியலில், கேனும் தூக்குப்போசியுமாக நாங்கள் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரைப் பின்னால் நிற்பவர் திட்டிக்கொண்டிருந்த வேளையில். அதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு எங்களுக்கு இருந்த கவலையெல்லாம் பால் வண்டி போய்விடக் கூடாது என்பதுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்தே சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. பாலின் கொழுப்பை அளந்து ரசீது அடிப்பது ஒன்றுதான் அதற்கு வேலை, அதைக்கூட ஒழுங்காகச் செய்யாமல், வரிசை நீளமாக இருக்கும் நேரமாகப் பார்த்து உறைந்து நின்றுவிடும். சொசைட்டியில் கணக்கு எழுதும் யசோதை தாராபுரத்திலிருந்து பிரான்சிஸ் என்ற கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தாள். அவர் அதைத் திறந்து பார்த்து, தட்டிப் பார்த்து, ஒரு டீயும் குடித்துவிட்டுச் சொன்னார்.

"நின்னதுக்கப்புறம் வந்து பார்த்தா ஒண்ணும் தெரியாதும்மா. நிக்கறதுக்கு முந்தி என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு பார்க்கோணும். எது ஓடுது, எது காத்திருக்குது, எதுக்காகக் காத்திருக்குது, அதை எது புடிச்சு வெச்சிருக்குது. இது தெரிஞ்சா நோவு தெரிஞ்சுரும்."

அதற்கு அவர் ஒரு ஏற்பாடு செய்தார். கம்ப்யூட்டர் தான் செய்வதையெல்லாம் தன் நினைவுக்குள் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். நினைவோ சின்னது, அதனால் நிரம்பியதும் செக்குமாடு மாதிரி சுற்றி வந்து, பழையதின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். எப்போது பார்த்தாலும் கடைசி அரை மணி நேரம் மட்டும்தான் அதில் இருக்கும். நின்றுபோனால் யசோதை ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், அந்த அரை மணி நேரம் அப்படியே தனியாக எடுத்து வைக்கப்படும். அதற்கு ஸ்நாப்ஷாட் என்று பெயர். எடுத்து வைக்க இருப்பது ஒரே ஓர் இடம். அடுத்ததை எடுத்தால் முந்தையது போய்விடும். இதைப் பிரான்சிஸ் இரண்டு முறை சொன்னார், நாங்கள் இரண்டு முறையும் தலையாட்டினோம்.

அந்த மார்கழி விடியலில் அது வழக்கம்போல் நின்றது, யசோதை பொத்தானை அழுத்தினாள், திரையில் வந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

"கருப்பண்ணன்: காத்திருக்கிறார். எதற்காக: யசோதை. யசோதை: காத்திருக்கிறாள். எதற்காக: கம்ப்யூட்டர். செயலாளர் நாச்சிமுத்து: காத்திருக்கிறார். எதற்காக: ஓசி டீ."

வரிசை முழுக்கச் சிரித்தது. சொசைட்டிச் செயலாளர் நாச்சிமுத்து மட்டும், "என்ற பேரை எதுக்கு அதுல போடுது?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சண்டைக்குப் போனார். யசோதை கீழே கீழே நகர்த்திக்கொண்டே போனாள், மேலத்தெரு வந்தது, காலனி வந்தது, வாய்க்கால் மேட்டில் குத்தவைத்திருந்தவன் வந்தான், பஸ்ஸுக்கு நின்றவள் வந்தாள், ஊர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒவ்வொருவரும் யாருக்காக, எதற்காகக் காத்திருந்தோம் என்று வரிவரியாக வந்தது. பால் அளப்பதோடு ஊரையும் அளந்தால் என்ன என்று அதற்குத் தோன்றியிருக்கும், அவ்வளவுதான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் பால் ரசீதுதான் வந்தது. செல்போனில் படம் பிடித்தால் வெறும் நீலத் திரைதான் விழுந்தது. பார்க்க வேண்டுமென்றால் சொசைட்டிக்கு வந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

பிறகு ஊருக்கு வேலை கிடைத்துவிட்டது. மடை மாற்றியது யார், கோழியை அமுக்கியது யார், டவுனுக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் எந்த வேலியோரம் யாருக்காகக் காத்திருந்தான் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆட்கள் ஓடி ஓடி வந்தார்கள். ஆனால் ஓடி வந்து சேர்வதற்குள் பாதிப் பேருக்கு அரை மணி கடந்துபோய், தேடி வந்ததன் மேல் வேறொன்று எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒரு கூட்டம் போட்டு, கெட்டது நடந்தால் தானாகவே எடுத்துவைத்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று பிரான்சிஸைப் போனில் கேட்டோம். ஒரு நிபந்தனை கொடுத்தால் செய்யும் என்றார். என்ன நிபந்தனை கொடுப்பது என்று அன்று பொழுது சாயும்வரை பேசினோம். 'அம்மா' என்று வைத்தால் பிள்ளைகள் நாளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், 'கடவுளே' என்று வைத்தால் நாச்சிமுத்து உட்காரும்போது ஒன்றும் எழும்போது ஒன்றும் சொல்லுவார். கடைசியில் 'ஐயோ' என்று முடிவானது. எல்லைக் கல்லுக்குள் யார் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் கம்ப்யூட்டர் அந்த நொடியோடு முந்தைய அரை மணி நேரத்தை எடுத்து வைத்துவிடும். அதற்கு எப்படிக் கேட்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே நாட்ராயனின் வெள்ளாடு திருட்டுப்போனது. அவன் 'ஐயோ' என்றான், டிங் என்றது, திருடனின் பெயர் கம்ப்யூட்டரில் விழுந்துவிட்டது, நாட்ராயன் மீசையை முறுக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தான். அவன் பாதி வழி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி காலில் வடிகஞ்சியைக் கொட்டிக்கொண்டு 'ஐயோ' என்று அலறினாள். நாட்ராயன் போய்ப் பார்த்தபோது திரையில் கஞ்சிப் பானைதான் இருந்தது, ஆடு போனது போனதுதான். அன்றிலிருந்து எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சிக்கனமாகச் செலவு செய்யப் பழகினோம். பால் பொங்கினால் 'அடடா', தேள் கொட்டினால் 'அட கருமமே', அதற்கு மேல் எதற்கும் பல்லைக் கடித்துக்கொள்வது. பிரான்சிஸ் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஊருக்குத் தெற்கே, சுடுகாட்டைத் தாண்டி, ஆனால் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கத்தில், ஒரு நூல் மில் இருந்தது. எங்கள் வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் காலையில் வேனில் ஏறி அங்கே போவார்கள், மற்றபடி உள்ளே வேலை செய்தவர்கள் வடக்கேயிருந்து வந்து மில் ஹாஸ்டலில் தங்கியவர்கள். காலனியில் ஓர் எருமையை வைத்துப் பிழைத்த மயிலாத்தாளின் ஒரே மகள் மேகலா பத்தாவதை முடிக்காமல் அந்த வேனில் ஏறியவள். வேலைக்கு வயது பத்தாது, மில்லே கூட்டிப்போட்டு எழுதிக்கொண்டது. வேனில் ஏறும்போது சொசைட்டி வரிசையில் நிற்கும் அம்மாவைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, எருமையின் கொம்பு மாதிரி இரண்டு விரலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவாள். மயிலாத்தாள் திட்டுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் யசோதை சொசைட்டியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது டிங் என்றது. யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பியவள் கண்ட முதல் வரி இதுதான். மேகலா: காத்திருக்கிறாள். எதற்காக: கதவு. அடுத்த வரியைப் படிப்பதற்குள் ஜன்னல் வழியாகத் தெற்கே புகை தெரிந்தது.

யசோதை அதற்கு மேல் படிக்கவில்லை. செருப்பு போடாமல் மில் வாசலுக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கழிவுப் பஞ்சு போட்டுவைக்கும் அறையிலிருந்து மேகலாவைத் தூக்கி வந்து வாசலில் கிடத்தியிருந்தார்கள், காட்டிலிருந்து ஓடி வந்த மயிலாத்தாள் மகளின் முன்னால் நின்று வாயைத் திறந்திருந்தாள். யசோதை பாய்ந்துபோய்த் தன் கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"அக்கா, வேண்டாமுங்கக்கா! உங்க புள்ள கத்துனது உள்ள இருக்குது. நீங்க கத்துனா அது போயிருமுங்கக்கா!"

மயிலாத்தாளின் பல் யசோதையின் உள்ளங்கையில் இறங்கியது. யசோதை கையை எடுக்கவில்லை. வடக்கத்திப் பெண்கள் தங்கள் மொழியில் கதறினார்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் சிக்கனத்துக்குப் பழகிய வாயோடு முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படித்தான் அது தப்பியது. மேகலாவின் கடைசி அரை மணி நேரம், அவளே கத்திப் பிடித்து வைத்தது, பால் சொசைட்டியில் பத்திரமாக இருந்தது.

போனில் பேசுவதற்காக அந்தப் பெண் திருட்டுத்தனமாக அறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள், அங்கே எதையோ பற்றவைத்தாள் என்று மில் எழுதிக் கொடுத்தது. போலீஸ் அதை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டது. தாழ் உள்ளே போடப்பட்டதா, பூட்டு வெளியே போடப்பட்டதா என்பதைச் சொல்ல எங்களிடம் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான். மனுவுக்கு மேல் மனு போட்டதில் ஒரு விசாரணை அதிகாரி வந்து நேரில் பார்ப்பார் என்று பதில் வந்தது. எப்போது வருவார் என்று மட்டும் அதில் இல்லை.

யசோதை வளைகுடாவில் பிரான்சிஸைத் தேடிப் பிடித்துப் போனில் கேட்டாள்.

"நிபந்தனையை எடுக்கோணும்னா மிஷினை அணைச்சுப் போடோணும்மா," என்றார் அவர். "அணைச்சா நினைவுல இருக்கறது மொத்தமும் போயிரும். அதிகாரி வர்ற வரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க, படிச்சுப் பார்க்கக்கூட நகர்த்தாதீங்க. கரண்டு போகாம பார்த்துக்குங்க. அந்த வார்த்தையை யாரும் சொல்லாம பார்த்துக்குங்க."

கரண்டைப் பார்த்துக்கொள்வது சுலபம். டிரான்ஸ்பார்மரில் அடிக்கடி பியூஸ் போனது, யார் பிடுங்குகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து சொசைட்டிச் சுவரோரம் அடுக்கினோம். பாலைக் கையால் அளந்து ரசீதைக் கையால் எழுதினோம். அந்த வார்த்தையைப் பார்த்துக்கொள்வதுதான் பாடாக இருந்தது. ஓர் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் அது பிறக்கிறது என்று அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது.

மேகலாவின் சாவு வீட்டிலேயே அது தொடங்கியது. ஒப்பாரி சொல்ல வந்தவர்கள் அந்தச் சொல் இல்லாமல் ஒப்பாரியை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து, மார்பில் மட்டும் அடித்துக்கொண்டார்கள், பேச்சில்லாமல் அடிக்கும் சத்தம் மட்டும் காலனி முழுக்கக் கேட்டது. அப்படி ஒரு சாவு வீட்டை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம். பிறகு பிள்ளைத்தாய்ச்சிகளை வலி எடுக்கும் முன்பே எல்லைக்கு வெளியே உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். தீவனம் வெட்டும் மெஷினில் விரலைக் கொடுத்த கருப்பண்ணன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு, 'அடடா, அடடா' என்று அழுதார். ஐயா என்று கூப்பிட்டால் நாக்கு வழுக்கிவிடும் என்று எல்லோரையும் சார் ஆக்கினோம். வாழைப்பழக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், குடுகுடுப்பைக்காரர், பஸ் கண்டக்டர் என்று ஊருக்குள் வரும் ஒவ்வொருவரையும் எல்லையிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பினோம். எல்லைக் கல் பக்கத்தில் ஒரு பலகையும் வைத்தோம். அதில் 'இந்த ஊருக்குள் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருந்தது. எந்தச் சொல் என்று எழுதவில்லை, எழுதினால் படிக்கிறவன் வாய்விட்டுப் படித்துவிடுவானே.

எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பஸ் போகும் ரோட்டோரத்தில் ஒரு புளியமரம் உண்டு. அழ வேண்டியவர்கள் அங்கே போனார்கள். விளைச்சல் போனவன், அடி வாங்கியவள், பல் வலிக்காரன் எல்லோரும் எல்லையைத் தாண்டிப் போய் மரத்தடியில் நின்று வயிறு காலியாகும்வரை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருவார்கள். கூட்டம் சேரவே ஒருவர் அங்கே டீக்கடை போட்டார். பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ கோயில் என்று நினைத்து ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

மில்லும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் ஆட்களே எல்லைக்குள் நின்று அந்தச் சொல்லைக் கத்திப் பார்த்தார்கள், நோவில்லாத வாயிலிருந்து வந்ததைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் யாரோ ஓர் ஆள் பைக்கில் வந்து, பள்ளிக்கூட வேன் கவிழ்ந்துவிட்டது என்று மேலத்தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். அத்தனை தாய்களும் தெருவில் இறங்கி ஓடினார்கள், சேலை அவிழ்வது தெரியாமல் ஓடினார்கள், ஒருத்தி வாயிலிருந்தும் அது வரவில்லை. போய்ப் பார்த்தால் பிள்ளைகள் வேனுக்குள் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

மேலத்தெருவில் முணுமுணுப்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். காலனிப் பெண் ஒருத்திக்காக ஊரே எத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பது என்று கேட்டார்கள். அதிகம் கேட்டவர் செயலாளர் நாச்சிமுத்துதான்.

"இதென்னுங்க நாயம்? எங்கூட்டுல கல்லு தடுக்குனா நான் புளியமரத்துக்கு நடக்கோணுமா?"

சித்திரையில் நாச்சிமுத்துவைப் பெற்றவள் செத்துப்போனாள். செய்தி கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, தோள் துண்டை முழுவதும் வாய்க்குள் அடைத்துக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்க எங்களைப் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் மயிலாத்தாள் நின்றிருந்தாள். அந்த வீட்டு வாசலுக்குள் அவள் அதற்கு முன் வந்ததில்லை, அன்றும் யாரும் அழைக்கவில்லை. அவளைப் பார்த்ததும் நாச்சிமுத்து துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார். அதன் பிறகு மேலத்தெருவில் முணுமுணுப்பு நின்றது. அங்கிருந்தும் பெண்பிள்ளைகள் அதே வேனில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

மயிலாத்தாள் மட்டும் புளியமரத்துக்குப் போகவில்லை. காலையில் எருமையைக் கறந்து ஊற்றிவிட்டு, சொசைட்டித் தாழ்வாரத்தில் கம்ப்யூட்டர் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தொண்டையில் அந்தச் சொல் அடைத்துக்கொண்டு நின்றதால் சோறு இறங்கவில்லை, மோரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாள், கழுத்தெலும்பு இரண்டும் வெளியே வந்துவிட்டன. அவளைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் வராத அந்த அதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

யசோதை ஒரு நாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, வாங்க, புளியமரம் வரைக்கும் போயிட்டு வந்துரலாம். நான் கூட வாரேன். ஒரு பாட்டம் அழுதுட்டா நெஞ்சு லேசாயிருமுங்க."

"வேண்டாம் கண்ணு."

"இப்படியே கெடந்தா என்னக்கா ஆகறது?"

"அழுவ ஆரம்பிச்சா என்னால நிறுத்த முடியாது யசோதா. அழுதுக்கிட்டே ஊருக்குள்ள திரும்பி வந்துருவேன்."

யசோதை தன் உள்ளங்கையில் இருந்த பல் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

ஆடிக் காற்று புழுதியை அள்ளி இறைத்த ஒரு காலையில் விசாரணை அதிகாரி வந்தார். பெயர் திருவேங்கடம். ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையைத் தாண்டி வந்தார், சொசைட்டி முற்றத்தில் இறங்கினார், கைக்குட்டையால் ஷூவைத் தட்டினார். டீ வேண்டாம் என்றார், இளநீரும் வேண்டாம் என்றார், நாச்சிமுத்து போட்ட கும்பிட்டைக் கண்ணாலும் வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் முழுக்க முற்றத்தில் நின்றது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் அதன் வாயருகே கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க இருக்கு?" என்றார்.

"இதுங்க சார்," என்று யசோதை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல், உதடு அசையாமல், கோப்பு படித்துப் பழகிய கண்ணோடு படித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன், அதனால் எனக்கும் தெரிந்தது.

மேகலா: காத்திருக்கிறாள். எதற்காக: கதவு. கதவுப் பூட்டின் சாவி யாரிடம்: சூப்பர்வைசர். சூப்பர்வைசர்: காத்திருக்கிறார். எதற்காக: மேனேஜர் உத்தரவு. மேனேஜர்: காத்திருக்கிறார். எதற்காக: நூல் வாங்க வந்த வெளிநாட்டு விருந்தாளிகள் புறப்பட. விருந்தாளிகள்: காத்திருக்கிறார்கள். எதற்காக: ஐஸ்கிரீம்.

அவ்வளவுதான் விஷயம். வயது பத்தாத பிள்ளை வேலை செய்வது விருந்தாளிகளின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, அவர்கள் போகும்வரை அவளைப் பஞ்சு அறைக்குள் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். அதே வரிகள் திரும்பத் திரும்ப வந்தன. மேகலா கதவுக்காக, கதவு சாவிக்காக, சாவி உத்தரவுக்காக, உத்தரவு ஐஸ்கிரீமுக்காக. பாதியில் ஒரு புது வரி நுழைந்தது. பஞ்சு அறை: எரிகிறது. அதற்குப் பிறகும் மேனேஜர் காத்திருந்தார், சூப்பர்வைசர் காத்திருந்தார். ஐஸ்கிரீம் வந்து சேர்ந்தது. சாவி சட்டைப்பையிலேயே இருந்தது.

அதிகாரி கடைசி வரிக்கு வந்தார். அந்தக் கடைசி வரியை நானும் படித்தேன். மேகலா: காத்திருக்கிறாள். எதற்காக: அம்மா.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாமல், தனக்குத்தானே, மிக மெதுவாகச் சொன்னார்.

"ஐயோ."

டிங் என்றது.

பழக்காரரிடம் சொல்லியிருந்தோம், குடுகுடுப்பைக்காரரிடம் சொல்லியிருந்தோம், பிறந்து நாளாகாத குழந்தையின் வாயருகே கையை வைத்திருந்தோம். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் காலத்தில் எங்கள் ஊருக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள், வெள்ளத்துக்கு வந்தார்கள், பஞ்சத்துக்கு வந்தார்கள், செத்தவர்களை எண்ண வந்தார்கள், அவர்களில் ஒருவர்கூட எங்களுக்காக அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஒருவர் வருவார் என்று நாங்கள் எப்படி எதிர்பார்ப்போம்?

திரையில் மேகலா இல்லை. கதவு இல்லை, சாவி இல்லை, ஐஸ்கிரீம் இல்லை. சொசைட்டி முற்றத்தில் நின்ற நாங்கள்தான் வரிவரியாக இருந்தோம். எல்லோரும் காத்திருந்தோம், எல்லோருக்கும் எதற்காக என்ற இடத்தில் அதிகாரி என்று இருந்தது.

"சார்! என்ன பண்ணிப் போட்டீங்க சார்!" என்று நாச்சிமுத்து கத்தினார்.

திருவேங்கடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. யசோதை நடந்ததைச் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "நான் பார்த்தேன், என் கண்ணால படிச்சேன், எழுதறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. சொன்னபடி எழுதவும் செய்தார். ஆதாரம் எங்கே என்று மேலிடம் கேட்டபோது பால் சொசைட்டிக் கம்ப்யூட்டரில் இருந்தது என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்தவர்கள் அவரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு எங்கோ கடற்கரைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டதால் நேர்ந்த விபத்து என்று கோப்பு முடிந்தது. பஞ்சு அறைக்கு மில் புதுக் கதவு போட்டது, புதுப் பூட்டும் போட்டது. அதெல்லாம் பிறகு.

அன்று முற்றத்தில் மயிலாத்தாள் தாழ்வாரத்தை விட்டு எழுந்தாள். நாங்கள் விலகி வழி விட்டோம். அவள் அதிகாரியை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டோம். அவள் அவர் முன்னால் போய் நின்று, நனைந்திருந்த அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யசோதையின் பக்கம் திரும்பினாள்.

"போயிருச்சா கண்ணு?"

"போயிருச்சுங்கக்கா."

"அப்போ, இனி நான் அழுவலாமா?"

யசோதை தலையை மட்டும் ஆட்டினாள்.

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். மாசியிலிருந்து தொண்டையில் நின்ற அந்தச் சொல் வெளியே வந்தது, மில் வாசலில் வர வேண்டியது, சாவு வீட்டில் வர வேண்டியது, ஒவ்வொரு காலையும் வேன் வந்து நின்று மேகலா இல்லாமல் கிளம்பும்போது வர வேண்டியது எல்லாம் ஒன்றாக வந்தது. அவள் குரல் ஓய்வதற்குள் நாச்சிமுத்து தன் தாய்க்காகக் கத்தினார், கருப்பண்ணன் போன விரலுக்காகக் கத்தினார், அன்று தெருவில் ஓடிய தாய்கள் கத்தினார்கள், அதிகாரியும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஒவ்வொரு குரலுக்கும் கம்ப்யூட்டர் டிங் என்றது, முந்தையதை அழித்துப் புதியதை எடுத்து வைத்தது, அதையும் அழித்து அடுத்ததை எடுத்து வைத்தது, எடுத்துத் தீராமல் கடைசியில் ஒரு முறை டிங் என்று சொல்லிவிட்டு உறைந்து நின்றது.

அதன் பிறகு அது எதையும் எழுதவில்லை, எதையும் அளக்கவுமில்லை. பாலை இன்றும் கையால்தான் அளக்கிறோம். அணைக்க யாருக்கும் மனம் வராததால் கடைசியாக எடுத்தது இன்னும் திரையில் இருக்கிறது, பால் ஊற்ற வருகிறவர்கள் குனிந்து தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மயிலாத்தாளுக்கு மட்டும் யசோதைதான் படித்துக் காட்ட வேண்டும். அவள் ஒரே ஒரு முறை கேட்டாள், யசோதை ஒரே ஒரு முறை படித்துக் காட்டினாள்.

மயிலாத்தாள்: யாருக்காகவும் காத்திருக்கவில்லை.